யதார்த்தவாதம் என்றால் வலியவன் சொல்வதே நியாயமா? சர்வதேச உறவுக் கோட்பாடுகள் பற்றி ஓர் இழை

வெள்ளவத்தை ஆசிரியர்:

வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பித்து வருகின்றேன். சென்ற வாரம் திருத்திய விடைத்தாள்களில் ஒன்றில், சர்வதேச உறவுகளில் யதார்த்தவாதம் என்றால் என்ன என்ற வினாவுக்கு, ஒரு பிள்ளை அழகான கையெழுத்தில் ஒரே வரியில் விடை எழுதியிருந்தார்: "பலமுள்ள நாடு சொல்வதே நியாயம், சிறிய நாடு அடங்கிப் போக வேண்டும் என்று கூறும் கோட்பாடு." சிவப்புப் பேனையை எடுத்துப் பிழை என்று போடப் போய், போடாமல் நிறுத்திவிட்டேன். பத்திரிகைப் பத்திகளிலும் தொலைக்காட்சி விவாதங்களிலும் பெரியவர்களாகிய நாங்கள் அந்தச் சொல்லைப் புழங்கும் விதத்தைத்தான் அந்தப் பிள்ளை எழுதியிருக்கின்றார். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைப் பற்றிக் கதைத்தாலும் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றிக் கதைத்தாலும், "யதார்த்தத்தைப் பார்க்க வேண்டும்" என்று ஒருவர் தொடங்கினால், அடுத்து அவர் கையை விரிக்கப் போகின்றார் என்பது கேட்பவர்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

அந்த வரிக்கு ஒரு மூலம் உண்டு. கி.மு. 416இல் ஏதென்ஸ் நகர அரசு மெலோஸ் என்ற சிறிய தீவை வளைத்துக்கொண்டபோது நடந்த பேச்சைக் கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதி வைத்திருக்கின்றார். சம பலமுள்ளவர்களுக்கிடையில்தான் நியாயம் பேச இடமுண்டு, மற்றப்படி வலியவர் தம்மால் இயன்றதைச் செய்வர், மெலியவர் பொறுத்துக்கொள்வர் என்று அதிலே கூறுபவர்கள் ஏதென்ஸின் தூதர்கள். அதை எழுதியவரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் ஒப்பவில்லை. மெலோஸின் ஆண்கள் கொல்லப்பட்டதையும் பெண்களும் பிள்ளைகளும் அடிமைகளாக விற்கப்பட்டதையும் சொல்லி முடித்த கையோடு, அதே ஏதென்ஸ் சிசிலி மீது படையெடுத்த கதையை அவர் தொடங்குகின்றார். அந்தப் படையெடுப்பில் ஏதென்ஸ் அனுப்பிய கடற்படையும் தரைப்படையும் அழிந்தன, கி.மு. 404இல் அது தன் பகை அரசான ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்தது. தன் வலிமையின் எல்லையை அளக்கத் தவறிய ஒரு வல்லரசின் கதையை, மெலியவருக்கு அடக்கம் போதிக்கும் பாடமாக நாங்கள் சுருக்கிவிட்டோம்.

இருபதாம் நூற்றாண்டின் யதார்த்தவாதிகளிடமும் இதே எச்சரிக்கைதான் கேட்கின்றது. அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்டு வரையறுக்கப்படும் நலனே அரசுகளை நடத்துகின்றது என்று 1948இல் எழுதிய ஹான்ஸ் மோர்கெந்தோ, வியட்நாம் போரைத் தொடக்கத்திலேயே எதிர்த்தவர்களில் ஒருவர். அரசுகளின் நடத்தைக்கு மனித சுபாவத்தைவிட உலக ஒழுங்கின் கட்டமைப்பே காரணம் என்று 1979இல் வாதிட்ட கென்னத் வோல்ட்ஸும், வல்லரசுகள் மேலாதிக்கம் தேடாமல் இருக்க முடியாது என்று 2001இல் எழுதிய ஜோன் மியர்ஷைமரும், ஈராக் மீதான போர் அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததன்று என்று 2002 செப்டெம்பரில் 33 அறிஞர்கள் நாளிதழில் வெளியிட்ட கூற்றில் கையொப்பமிட்டவர்கள். வோல்ட்ஸ் கூறும் அராஜகத்தைக் குழப்பம் என்று விளங்கிக்கொள்ளக் கூடாது. அரசுகளுக்கு அநியாயம் நடந்தால் போய் முறையிடுவதற்கு அவற்றின் மேலே ஒரு பொலிஸ் நிலையம் இல்லை, ஆகவே தன்னைத் தானேதான் காத்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். வினைவலி, தன்வலி, மாற்றான்வலி ஆகியவற்றோடு துணைவலியையும் தூக்கிப் பார்த்துச் செயற்படச் சொன்ன வள்ளுவரைப் படித்த எங்களுக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதன்று. நான்கு வலிகளில் ஒன்றை மட்டும் பார்த்துப் பணிந்து போ என்று அந்தக் குறள் சொல்லவில்லை.

ஆகவே என் கேள்வி இதுதான். யதார்த்தவாதம், நிறுவனங்களும் வணிகமும் அரசுகளை இணைத்துக் கட்டுப்படுத்தும் என்னும் தாராண்மைவாதம், ஏழை நாடுகள் பணக்கார நாடுகளில் தங்கியிருக்கும்படி உலகப் பொருளாதாரம் அமைந்திருக்கின்றது என்னும் மார்க்சிய வழிவந்த சார்பு நிலைக் கோட்பாடு, அரசுகளின் எண்ணங்களும் அடையாளங்களுமே முக்கியம் என்னும் கட்டுருவாக்கவாதம் என்று பாடவிதானத்தில் அடுக்கி வைத்திருக்கும் இவற்றில், இந்தத் தீவின் அனுபவத்தோடு எது எவ்வளவு தூரம் கூட வருகின்றது? ஐரோப்பாவின் உதாரணங்களை விட்டுவிட்டு, எங்கள் நாட்டிலிருந்து சம்பவங்களை எடுத்து உரசிப் பார்ப்போம்.

மூன்றாமாண்டு மாணவி:

சேர், நான் சர்வதேச உறவுகளைச் சிறப்புப் பாடமாகப் படிக்கின்றேன். துசிடிடிஸ் பற்றிய உங்கள் வாசிப்பை ஏற்றுக்கொள்கின்றேன். ஆனால் யதார்த்தவாதத்தை அதன் கொச்சையான வடிவத்திலிருந்து மீட்டெடுப்பதோடு வேலை முடியாது என்பது என் கருத்து. அதன் நல்ல வடிவத்திலும் ஒரு பெரிய வெற்றிடம் உள்ளது. யாரைக் கண்டு அஞ்ச வேண்டும் என்பதை வலிமையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரித்தானியாவிடமுள்ள ஐந்நூறு அணுவாயுதங்களைவிட வடகொரியாவிடமுள்ள ஐந்து அமெரிக்காவை அதிகம் அச்சுறுத்துகின்றன என்று அலெக்ஸாண்டர் வெண்ட் 1995இல் காட்டிய உதாரணம் இங்கே பொருந்தும். அராஜகம் என்பது அரசுகள் அதை எதுவாக ஆக்குகின்றனவோ அதுதான் என்று அவர் 1992இல் எழுதியபோது, அச்சமும் நட்பும் அரசுகள் ஒன்றோடொன்று பழகிப் பழகி உருவாக்கிக்கொண்ட அர்த்தங்கள் என்பதையே சுட்டினார். கட்டுருவாக்கவாதத்தின் மையம் அது.

இலங்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947இல் பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்து, திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் அவர்களிடமே விட்டு வைத்தோம். அதுவரை எங்களை ஆண்ட நாட்டையே காவலுக்கு வைத்துக்கொண்டோம். அண்மையில் சுதந்திரம் பெற்ற, கடற்படை என்று பெரிதாக எதுவும் இல்லாத இந்தியாவைக் கண்டுதான் அன்றைய ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். பத்தே ஆண்டுகளில், 1957இல், அதே தளங்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பத்தாண்டுக்குள் இந்தியா பலவீனமடைந்துவிடவில்லை. 1956இல் ஆட்சிக்கு வந்தவர்கள் இந்த நாட்டை யார் என்று நினைத்தார்களோ, அந்த நினைப்புத்தான் மாறியது. வலுச்சமநிலையை மட்டும் வைத்து இந்த மாற்றத்தை விளக்க முடியுமா, சேர்?

கொட்டாஞ்சேனை வாசகர்:

எனக்குக் கோட்பாடுகளில் பயிற்சி இல்லை. 2022இல் இரவிரவாகப் பெற்றோல் வரிசையில் நின்றவன் என்ற முறையில் ஒன்று கேட்கின்றேன். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்குப் பதிலாகச் சீனா எடுத்துக்கொண்டது. கடன் கொடுத்து நாட்டைப் பிடிப்பது வலியவன் மெலியவனை விழுங்குவது ஆகாதா? அந்தப் பிள்ளை எழுதியதில் என்ன தவறு?

மூன்றாமாண்டு மாணவி:

அண்ணா, அந்தக் கதை பரவியிருக்கும் வடிவத்தில் ஒரு திருத்தம் தேவைப்படுகின்றது. 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு 112 கோடி அமெரிக்க டொலர் கிடைத்தது. அந்தப் பணம் அந்நியச் செலாவணி ஒதுக்கத்தைப் பலப்படுத்தவே பயன்பட்டது. துறைமுகத்துக்காக வாங்கிய சீனக் கடன்கள் இரத்தாகவில்லை. அவை அரசின் கணக்கிலேயே தொடர்ந்தன. அப்போது எங்களை நெருக்கிய தவணைகளில் பெரும் பகுதி மேற்கத்தேய நிதிச் சந்தைகளில் விற்கப்பட்ட சர்வதேச இறைமை முறிகளுக்கு, அதாவது அரசு கடன் பெறுவதற்காக விற்ற பத்திரங்களுக்கு, உரியது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துகின்றோம் என்று அறிவித்தபோதும் அந்த முறிகளே மிகப் பெரிய பங்காக இருந்தன. முறிகளை வாங்கியவை அரசுகளல்ல, முதலீட்டு நிதியங்கள். நாட்டைத் தவிர வேறு எவரையும் காணாத ஒரு கோட்பாட்டின் கண்ணுக்கு அவை தெரியவே மாட்டா.

வெள்ளவத்தை ஆசிரியர்:

தங்கை சொன்ன 1957 மாற்றம் வலுவான வாதம். அதற்கு நேரே பதில் சொல்லாமல், அதே காலத்துச் சம்பவம் ஒன்றை எடுக்கின்றேன், ஏனென்றால் எல்லாக் கோட்பாடுகளையும் ஒரே மேசையில் வைக்க அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

1952 டிசெம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டொன்றுக்கு 50,000 தொன் இறப்பர் போகும். 270,000 தொன் அரிசி வரும். அப்போது ஆட்சியில் இருந்தது டட்லி சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கம், அதாவது கம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த, திருகோணமலையில் பிரித்தானியக் கடற்படையை வைத்திருந்த அரசாங்கம். கொரியாவில் சீனப் படைகள் அமெரிக்கப் படைகளோடு போரிட்டுக்கொண்டிருந்தன. போர்த் தேவைக்குரிய பொருள்களைச் சீனாவுக்கு விற்பதற்கு ஐக்கிய நாடுகள் சபை 1951 மே மாதத்தில் தடை விதித்திருந்தது. இறப்பர் அப்படியான பொருள். அமெரிக்கா கோபமடைந்து உதவியை நிறுத்தியது. இருந்தும் கையொப்பமிட்டோம்.

வலியவன் சொல்வதற்குச் சிறியவன் அடங்குவான் என்பது உண்மையானால் இது நடந்திருக்கக் கூடாது. எனவே அந்தப் பிள்ளையின் வரி இந்த இடத்திலேயே முறிகின்றது. ஆனால் கவனமான யதார்த்தவாதி ஒருவர் இதை எளிதாக விளக்குவார்: பசி நாட்டின் இருப்பைத் தொடும் விடயம், கொள்கை அதற்குப் பின்னர்தான், சோறு தரக்கூடிய எவரோடும் உடன்படுவது நலன் என்ற கணக்கு. பகைவர் இருவராக இருந்து துணையில்லாதவன் அவர்களில் ஒருவரை இனிய துணையாக்கிக்கொள்ள வேண்டும் என்று பகைத்திறந்தெரிதலில் வருவதும் இந்தக் கணக்குத்தான்.

சார்பு நிலைக் கோட்பாட்டாளர் ஒருபடி பின்னே போய், சோற்றுக்கு ஏன் அலைய வேண்டி வந்தது என்று கேட்பார். கொரியப் போரின் தொடக்கத்தில் ஏறிய இறப்பர் விலை சடுதியாக இறங்கியது; அரிசி விலையோ ஏறிக்கொண்டே போனது. குடியேற்ற ஆட்சி வயலைப் பின்தள்ளித் தேயிலையையும் இறப்பரையும் தென்னையையும் முன்னிறுத்திய பொருளாதாரம் என்பதால், நாங்கள் விற்பது மலிந்து வாங்குவது விலையேறும்போது, எந்தக் கட்சி ஆண்டாலும் கழுத்து இறுகும். மூலப்பொருள் விற்கும் நாடுகளின் வணிக நிலை காலப்போக்கில் தாழ்ந்துகொண்டே போகும் என்று பொருளியலாளர் ராவுல் பிரெபிஷ் இலத்தீன் அமெரிக்காவை வைத்து எழுதியது 1950ஐ ஒட்டிய அதே ஆண்டுகளில்தான். இந்தச் சம்பவத்தின் வேரை அவர் பக்கத்து விளக்கமே அதிகம் தொடுகின்றது என்பது என் எண்ணம்.

தாராண்மைவாதிக்கும் இங்கே ஒரு சாட்சி உண்டு. 1951இன் தடை ஏன் எங்களைக் கட்டவில்லை? இலங்கை அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினர் இல்லை. சோவியத் ஒன்றியத்தின் வீட்டோவினால் தடுக்கப்பட்டிருந்த எங்கள் அங்கத்துவம் 1955 டிசெம்பரில்தான் கிடைத்தது. நிறுவனங்கள் வெறும் மேற்பூச்சு என்றால், உறுப்பினரா இல்லையா என்பது அன்று ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. சபைக்கு வெளியே இருந்ததால் கிடைத்த அந்தச் சிறிய இடைவெளியைத்தான் அரசாங்கம் பயன்படுத்திக்கொண்டது.

கூப்பனுக்குக் கொடுக்கும் பங்கீட்டு அரிசியின் விலை என்ற இன்னொன்றும் உண்டு. உடன்படிக்கைக்குப் பிறகும் மானியச் சுமை தாங்க முடியாமல், 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியது. ஓகஸ்ட் 12இல் ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் பதவி விலகினார். அரசு என்பதை உள்ளே என்ன நடக்கின்றது என்று தெரியாத, வெளியே மட்டும் ஒன்றோடொன்று மோதும் பில்லியர்ட் பந்தாக யதார்த்தவாதிகள் வரைவார்கள். ஒரு கொத்து அரிசியில் 45 சதம் கூடினால் அந்தப் பந்து உள்ளிருந்தே வெடிக்கின்றது. இந்த இடத்தில் வோல்ட்ஸ் எங்களோடு வருவதை நிறுத்திவிடுகின்றார் என்பதை ஒப்புக்கொள்கின்றேன்.

பழைய துறைமுகத்தான்:

ஆசிரியர் தம்பிக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். நான் கொழும்புத் துறைமுகத்தில் கொள்கலன் முற்றத்தில் கணக்கெழுதும் வேலையில் முப்பது ஆண்டுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் எழுதும் பெயர்களில் பலவற்றை இன்றுதான் கேள்விப்படுகின்றேன். என் கண்ணால் கண்டதை எழுதினால் உங்களுக்கு ஏதாவது பயன்படலாம்.

கொள்கலன் ஒவ்வொன்றின் கதவிலும் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். அதைத் தாளில் உள்ளதோடு ஒப்பிட்டு, கதவில் பூட்டியிருக்கும் சீல் முறியாமல் இருக்கின்றதா, அதன் இலக்கம் சரியா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். மழைக்குள் நின்றும் பார்த்திருக்கின்றேன், நடுச்சாமத்தில் மஞ்சள் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்திருக்கின்றேன். ஆரம்பத்தில் எனக்குப் புதினமாக இருந்தது என்னவென்றால், அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை துறைமுக வாசலைத் தாண்டி இந்த நாட்டுக்குள் வருவதே இல்லை. தூத்துக்குடியிலிருந்தும் கொச்சியிலிருந்தும் சென்னையிலிருந்தும் சிறிய ஃபீடர் கப்பலில் வரும். முற்றத்தில் இரண்டு மூன்று நாள் அடுக்கி இருக்கும். பிறகு தாய்க்கப்பலில் ஏறி ஐரோப்பாவுக்கோ அமெரிக்காவுக்கோ போய்விடும். சீல் திறக்கப்படுவதே இல்லை. பெட்டிக்குள் இருப்பது திருப்பூர் பனியனா, முந்திரிப் பருப்பா என்று எங்களுக்குத் தெரியாது. இந்தத் துறைமுகம் ஆண்டுக்கு 70 இலட்சத்துக்கு மேற்பட்ட இருபதடிப் பெட்டி அளவுக்கு ஏற்றி இறக்குகின்றது என்றால், அதில் பெரும் பங்கு இப்படி இடைமாற்றுச் சரக்குத்தான். அந்த இடைமாற்றிலும் பெரும் பங்கு இந்தியாவினுடையது.

2013இல் தெற்குப் பக்கம் புதிய முனையம் திறந்தார்கள். அதில் 85 வீதம் சீனக் கம்பனிக்கு, 15 வீதம் துறைமுக அதிகாரசபைக்கு. பெரிய தாய்க்கப்பல்கள் தட்டாமல் வந்து கட்டக்கூடிய ஆழம் அங்கேதான் முதலில் கிடைத்தது. அதன் பிறகு சீனப் பணத்தில் கட்டிய மேடையில், சீனாவில் செய்த பாரந்தூக்கி, இந்தியாவின் பெட்டியைத் தூக்கி ஐரோப்பாவுக்குப் போகும் கப்பலில் வைப்பதை நான் ஓய்வு பெறும்வரை நாள்தோறும் பார்த்தேன். 2014இல் சீன நீர்மூழ்கி அதே முனையத்தில்தான் வந்து நின்றது, டில்லி ஆட்சேபித்தது. நீர்மூழ்கி வந்த கிழமையும் இந்தியப் பெட்டி வருவது நிற்கவில்லை. உங்கள் கோட்பாடுகளில் எது இதற்குப் பதில் சொல்கின்றது என்று எனக்கு விளக்குங்கள்.

மூன்றாமாண்டு மாணவி:

ஐயா, நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை வாசித்தேன். எங்கள் விரிவுரையில் ஒரு மணித்தியாலம் கேட்டும் விளங்காத ஒன்று அந்தச் சீல் இலக்கத்தில் விளங்கியது.

ரொபர்ட் கியோஹேனும் ஜோசப் நையும் 1977இல் முன்வைத்த சிக்கலான பரஸ்பரத் தங்குநிலை என்ற கருத்து இதற்குப் பதில் சொல்ல முயல்கின்றது. நாடுகளுக்கிடையே படை, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அப்பால் எத்தனையோ தொடர்புகள் ஓடுகின்றன. ஒன்றில் பிணக்கு வந்தாலும் மற்றவை நிற்பதில்லை என்பது அதன் முதற்பகுதி. அதைவிட முக்கியமானது அவர்கள் செய்த ஒரு வேறுபடுத்தல். மற்றவரின் செயலால் உடனடியாக எவ்வளவு நோகும் என்பது உணர்திறன். நொந்த பிறகு வேறு வழிக்கு மாறுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பது ஊறுபடுநிலை. பேரம் பேசும் வலிமை இரண்டாவதில்தான் தங்கியிருக்கின்றது.

கொழும்பு நாளை மூடினால் இந்திய ஏற்றுமதியாளருக்கு உடனே நோகும். ஆனால் இந்தியா மாற்று வழிகளை ஒவ்வொன்றாகக் கட்டிவருகின்றது: 2011இல் கொச்சியில் வல்லார்பாடம் முனையம், இப்போது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் ஆழ்கடல் தாய்க்கப்பல்கள் வரக்கூடிய விழிஞ்ஞம். இந்தியப் பெட்டிகள் வராமற்போனால் கொழும்புக்கு அதே அளவில் வேறு சரக்கு எங்கிருந்து வரும்? எங்கள் ஊறுபடுநிலை அவர்களுடையதைவிட அதிகம், ஆண்டுக்காண்டு அது கூடுகின்றது. தாராண்மைவாதத்தின் கருவியைக் கொண்டு அளந்தாலும் முடிவில் தெரிவது வலிமையின் ஏற்றத்தாழ்வுதான் என்பதால், சேர் பக்கத்து வாதத்துக்கு நான் இந்த இடத்தில் கொஞ்சம் நெருங்கி வருகின்றேன்.

இதோடு இன்னொன்று. 2019இல் கிழக்கு முனையத்தை இந்தியா, ஜப்பான் ஆகியவற்றோடு சேர்ந்து நடத்த உடன்பட்டோம். துறைமுகத் தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்குப் பிறகு 2021 பெப்ரவரியில் அது கைவிடப்பட்டது. மேற்கு முனையம் இந்தியாவின் அதானி குழுமத்துக்கு 51 வீதம், இலங்கையின் ஜோன் கீல்ஸ் கம்பனிக்கு 34 வீதம், அதிகாரசபைக்கு 15 வீதம் என்று போனது. ஆக, சீனா ஒரு முனையம், இந்தியா ஒரு முனையம், எங்கள் அதிகாரசபை ஒரு முனையம், எல்லாம் ஒரே அலைத்தடுப்புச் சுவருக்குள். இதைச் சமநிலைப்படுத்தல் என்பதா, இருவருக்கும் பயந்து பங்கு வைத்தல் என்பதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பழைய துறைமுகத்தான்:

நன்றி மகள். தொழிற்சங்கத்தை நீங்கள் விடாமல் எழுதியது எனக்கு மகிழ்ச்சி. முனையம் யாருக்கு என்பதை டில்லியும் பெய்ஜிங்கும் மட்டும் தீர்மானித்ததாக எழுதுபவர்கள் அந்த நாட்களில் வேலையாட்கள் வாசலில் நின்றதை மறந்துவிடுகின்றார்கள்.

பதுளைப் பக்கம்:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகின்றேன். நான் பதுளையில் ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் வேலை செய்கின்றேன். 1947, 1952, 1957, 2017 என்று ஆண்டுகள் வந்தன. 1964 ஏன் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை?

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த எங்கள் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்டார்கள். நாடற்ற 975,000 பேரைப் பங்கிடும் ஒப்பந்தம் அது. அவர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. 1974இல் அந்த மிச்சத்தையும் 75,000, 75,000 என்று சரிபாதியாகப் பிரித்தார்கள். போக விருப்பமா, இருக்க விருப்பமா என்று பேச்சுவார்த்தைக்கு முன் எங்கள் ஆட்களிடம் எவரும் கேட்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, உங்கள் யதார்த்தவாதம் இதை மிக நன்றாக விளக்கும் என்பது எனக்குத் தெரியும். 1962இல் சீனாவிடம் தோற்ற பிறகு இந்தியாவுக்கு அண்டை நாடுகளின் நல்லெண்ணம் தேவைப்பட்டது. அதற்கு முன் நேரு இணங்காதிருந்த ஒன்றுக்கு சாஸ்திரி இணங்கினார். இலங்கை தன் கேட்பில் பெரும்பகுதியைப் பெற்றது. சிறிய நாடு பெரிய நாட்டிடம் பேரம் பேசி வென்ற வெற்றிகளில் ஒன்றாக இதைப் பாடநூலில் எழுதலாம். எழுதியும் இருக்கின்றார்கள். நீங்கள் முதற்பதிவில் அந்தப் பிள்ளையின் வரியைத் திருத்தப் புறப்பட்டீர்கள், சிறிய நாடு அடங்கிப் போக வேண்டியதில்லை என்று காட்டினீர்கள். இந்த உதாரணத்தில் சிறிய நாடு அடங்கிப் போகவில்லை. அடங்கிப் போனவர்கள் யார்?

என் பாட்டியின் தங்கை குடும்பம் அந்த 525,000க்குள் போனது. பாட்டி வீட்டுத் தகரப் பெட்டியில் ஒரு புகைப்படம் இருந்தது: தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்குக் காத்திருக்கும்போது எடுத்தது. அதில் எல்லோரும் நல்ல உடுப்பு உடுத்திருக்கின்றார்கள். ஒரு பையன் கையில் அலுமினியச் சட்டி. பாட்டி அந்தப் படத்தைக் கையில் எடுத்தால் சட்டியைத்தான் விரலால் தொடுவார், ஏனென்றால் அது இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த சட்டி. அவர்கள் நீலகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலைக்கே போனார்கள். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்றார்கள், இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள்.

தேச நலன் என்று நீங்கள் எல்லோரும் எழுதும்போது, அந்தத் தேசத்துக்குள் யார் யார் சேர்த்தி என்பது முன்னமே முடிவாகிவிட்டதாக வைத்துக்கொண்டு எழுதுகின்றீர்கள். கட்டுருவாக்கவாதம் படிக்கும் தங்கச்சியும் அரசின் அடையாளம் என்றுதான் எழுதினார். அந்த அடையாளம் எங்களை வெளியே தள்ளிக் கட்டப்பட்டது என்பதை எழுதவில்லை.

கொட்டாஞ்சேனை வாசகர்:

இதற்குப் பிறகு என் கடன் கேள்வி எனக்கே சிறியதாகத் தோன்றுகின்றது. என் தாயாரின் குடும்பமும் மஸ்கெலியாத் தோட்டப் பக்கம்தான். இவ்வளவு காலமும் 1964ஐ வெளியுறவுக் கொள்கை என்ற தலைப்பின் கீழ் நான் நினைத்துப் பார்த்ததில்லை. அது எங்கள் வீட்டுத் துக்கம் என்றே இருந்தது.

மூன்றாமாண்டு மாணவி:

பதுளை அண்ணா, நீங்கள் சொன்னது சரி. நான் விட்டுவிட்டேன், அதற்காக வருந்துகின்றேன். நாங்கள் படிக்கும் புத்தகங்களில் இந்தக் கேள்விக்கு மிக அருகில் வருபவர்கள் பெண்ணிய ஆய்வாளர்கள். உலக அரசியலில் பெண்கள் எங்கே இருக்கின்றார்கள் என்று 1989இல் கேட்ட சிந்தியா என்லோ, தூதர்களின் மனைவியரிடமும், படைத்தளங்களைச் சூழ வாழும் பெண்களிடமும், வேறு நாட்டு வீடுகளில் வேலைக்குப் போகும் பணிப்பெண்களிடமும் போய் நின்றார். மத்திய கிழக்குக்குப் போன எங்கள் பெண்கள் அனுப்பும் பணத்தில் இந்த நாடு எண்ணெயும் மருந்தும் வாங்குகின்றது என்று நாங்கள் படிக்கின்றோம். ஆனால் அதைப் பொருளாதாரப் பாடத்தில் படிக்கின்றோம், வெளியுறவுப் பாடத்தில் படிப்பதில்லை. தோட்டத்தில் கொழுந்து பறித்த கைகளும் அப்படியேதான் வேறு பாடத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டன.

சேர், நீங்கள் என்ன சொல்கின்றீர்கள்?

வெள்ளவத்தை ஆசிரியர்:

பதில் எழுத இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதுளைத் தம்பியின் பதிவுக்கு எதிர்வாதம் எழுத முடியுமா என்று முதலில் பார்த்தேன். கோட்பாடு விளக்குவதற்கே, நியாயப்படுத்துவதற்கு அன்று என்று ஒரு வாக்கியத்தில் தப்பித்திருக்கலாம். வோல்ட்ஸ் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் மோர்கெந்தோவிடம் திரும்பிப் போனபோது அந்த வழி எனக்கு அடைபட்டது. அவர் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஜெர்மனிக்குத் திரும்ப முடியாமற்போன யூதர். நலன் என்பதற்கு எக்காலத்துக்கும் ஒரே பொருள் இல்லை, அந்தந்தக் காலத்தின் அரசியலும் பண்பாடும் அதன் உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கின்றன என்று அவரே எழுதியிருக்கின்றார். நான் பத்து ஆண்டுகளாக அந்தப் பகுதியைப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பாகச் சொல்லிவிட்டு அடுத்த பந்திக்குப் போயிருக்கின்றேன். உள்ளடக்கத்தைத் தீர்மானிக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருந்தார்கள், யார் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்று ஒரு முறையும் கேட்டதில்லை. மெலோஸ் பேச்சிலும் இது இருக்கின்றது. ஏதென்ஸ் தூதர்கள் மக்கள் முன்னிலையில் பேச அனுமதிக்கப்படவில்லை. அதிகாரிகளும் ஒரு சிலரும் மட்டும் உள்ளே இருந்து மறுப்புச் சொன்னார்கள். பிறகு அடிமைகளாக விற்கப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அந்த அறைக்குள் இருக்கவில்லை. முதற்பதிவில் அந்தக் கதையைச் சொன்ன நானே இதைச் சொல்லாமல் விட்டேன்.

இருந்தாலும் யதார்த்தவாதத்தை நான் கைவிடப் போவதில்லை. முறையிட ஒரு பொலிஸ் நிலையம் இல்லாத உலகம் என்பது உண்மைதான். 1987 ஜூன் 4இல் யாழ்ப்பாணத்தின் மேல் இந்திய விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டபோது கொழும்பு எங்கும் போய் முறையிட முடியவில்லை. ஜூலை 29இல் இந்திய–இலங்கை ஒப்பந்தமும், திருகோணமலையை இந்தியாவின் நலனுக்குப் பாதகமான இராணுவத் தேவைக்கு எந்த நாட்டுக்கும் கொடுப்பதில்லை என்ற கடிதமும் வந்தன. 2014இன் நீர்மூழ்கியைப் பற்றி டில்லி பேசியதும், 2017இல் இன்னொரு நீர்மூழ்கிக்கு இடமில்லை என்று நாங்கள் சொன்னதும் அந்தக் கடிதத்தின் நிழலில்தான். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டால், அவர்கள் வெறும் நல்லெண்ணத்தை நம்பி வளர்வார்கள். நான் மாற்ற நினைப்பது கற்பிக்கும் வரிசையை. இதுவரை கோட்பாடுகளை முதலில் வைத்து, உதாரணங்களைப் பின்னால் ஒட்டினேன். அடுத்த தவணையில் 1952ஐயும் 1964ஐயும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, யார் பேரம் பேசினார்கள், யாருக்காக, யாரைக் கொடுத்து என்று கேட்டுவிட்டு, அதன் பிறகுதான் பெயர்களுக்கும் வாதங்களுக்கும் போவேன். பழைய துறைமுகத்தான் ஐயா சம்மதித்தால், சீல் இலக்கத்தை அவர் வாயாலேயே பிள்ளைகள் கேட்பதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு அழைக்க விரும்புகின்றேன்.

அந்த விடைத்தாள் இன்னும் என் மேசையில் இருக்கின்றது. பிழை என்று போடவில்லை. சரி என்றும் போடவில்லை. விடைக்குக் கீழே, "சிறிய நாடு என்று எழுதியிருக்கின்றீர்கள், அதற்குள் யார் யாரைச் சேர்த்தீர்கள்?" என்று எழுதியிருக்கின்றேன். ஞாயிற்றுக்கிழமை கொடுப்பேன். அந்தப் பிள்ளை என்ன பதில் எழுதுகின்றார் என்பதை, அவர் சம்மதித்தால், இங்கே வந்து சொல்கின்றேன்.

பழைய துறைமுகத்தான்:

வருகின்றேன் தம்பி. காலை வகுப்பென்றால் நல்லது. பழைய சீல் ஒன்று வீட்டில் கிடக்கின்றது, அதையும் எடுத்து வருகின்றேன்.

பதுளைப் பக்கம்:

நானும் வரலாமா, சேர்? அந்தப் புகைப்படம் இப்போது என்னிடம்தான் இருக்கின்றது.